வாளிக்காரருக்கு ஒரு கூபே வேண்டும்

வாளிக்காரர் அந்தக் கூபே காரை வாங்கக் கிளம்பியது ஆசையால் அல்ல, வயிற்றெரிச்சலால். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அவரை ஏதோ சொகுசுப் பேர்வழி என்று நினைத்துவிடுவீர்கள்.

ஊர் எல்லையில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை இருந்தது. வாளி, குவளை, குப்பைக்கூடை, குளியலறை முக்காலி என்று எல்லாம் செய்தாலும் வாளிதான் பேர் சொன்னது. அதனால் அவர் எல்லோருக்கும் வாளிக்காரர். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அவர் வைத்திருந்தது ஒரு ரோட்ஸ்டர் கார். இரண்டே பேர் உட்காரலாம். கூரை என்று பேருக்கு ஒரு மடக்குத் துணி. அதை அவர் விரித்ததே கிடையாது. தடியாட்கள் இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால் பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பி வைத்துவிடலாம், அத்தனை லேசு. வளைவு வருகிறதே என்று நினைத்து முடிப்பதற்குள் வண்டி திரும்பியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் மனைவியும் அதில் ஏறி எங்காவது போய்வருவார்கள். வீட்டில் அவர்கள் பேச்சு “கேஸ் தீர்ந்துபோச்சு”, “சாவி எங்க?” என்பதோடு முடிந்துவிடும். வண்டியில் அப்படி இல்லை. காற்றும் சைலென்சரும் போடுகிற இரைச்சலில் எதைச் சொன்னாலும் தொண்டை கிழியக் கத்திச் சொல்லவேண்டும். கத்திச் சொல்லும்போது பாசாங்கு வராது.

“உங்கம்மா செத்தப்ப நீங்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே, ஏன்?” என்று ஒருநாள் அவள் கத்தினாள்.

“விட்டேன்! பாத்ரூம்ல!” என்று அவர் கத்தினார்.

அவர்கள் குடும்பம் நடத்தியதே அந்த வண்டியில்தான் என்று சொன்னால் தப்பில்லை.

அதற்கு வேட்டு வைத்தவர் சம்பந்தி. டைல்ஸ் வியாபாரி. மகளின் கல்யாண வரவேற்பு அன்று மண்டப வாசலில், இரண்டு வீட்டு ஆட்களும் நிறைந்து நிற்கும்போது, வாளிக்காரர் ரோட்ஸ்டரிலிருந்து இறங்கினார். சம்பந்தி தன் கூபேயின் மேல் சாய்ந்து நின்றிருந்தார். இரண்டே கதவு, நீண்ட மூக்கு, பளபளக்கும் கண்ணாடிக் கூரை, ஒரு கறுப்புச் சொகுசு.

“என்ன சம்பந்தி, மழை வந்தா ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் குடை பிடிக்கணுமா?” என்றார் சம்பந்தி.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. புது மாப்பிள்ளை சிரித்தான். பெற்ற மகளே வாயைப் பொத்திக்கொண்டாள். வாளிக்காரரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கறுவினார்.

“அதே வண்டிய வாங்கறேன். அந்தாளு வண்டிக்குக் குறுக்கால கொண்டுபோய் நிறுத்தறேன்” என்றார் வீட்டுக்கு வந்ததும்.

“நிறுத்திட்டு?” என்றாள் மனைவி.

“நிறுத்திட்டு... வந்துடுவேன்.”

“இதுக்காக நம்ம வண்டியக் குடுக்கணுமா?”

“எக்ஸ்சேஞ்சுல குடுத்தாத்தான் சட்டுனு கிடைக்கும்.”

“உங்களுக்கு அது வேணுமா, இல்ல சம்பந்திக்கு வயிறு எரியணுமா? அத முதல்ல முடிவு பண்ணுங்க.”

இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்துக்கொண்டு வாளிக்காரர் கிளம்பினார்.

கூபே விற்கும் இடம் கண்ணாடியும் வெண்கல்லுமாக இருந்தது. உள்ளே நுழைந்ததும், “இந்தக் கடையில அந்த வண்டி என்ன விலை?” என்று கேட்டார். ஒரே வாக்கியத்தில் இரண்டு குற்றம் செய்துவிட்டார் என்பது அவருக்குத் தெரியவில்லை. எதிரே நின்ற பெண் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு வழிகாட்டி என்று பெயர்.

“சார், இது கடை இல்ல. இல்லம்.”

“சரி. விலை?”

“அந்த வார்த்தைய இங்க யாரும் சொல்றதில்ல சார். பங்களிப்புன்னு சொல்லுவோம். அதையும் மெதுவாத்தான் சொல்லுவோம்.”

அவரை ஒரு சோபாவில் உட்காரவைத்தார்கள். மதியம் உட்கார்ந்தவர் விளக்கு வைக்கும்வரை உட்கார்ந்திருந்தார். யார் யாரோ வந்து தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் பொறுக்கமாட்டாமல், “நான் யாருக்காகம்மா காத்திருக்கேன்?” என்றார்.

“யாருக்காகவும் இல்ல சார். நீங்க எப்படிக் காத்திருக்கீங்கன்னு பார்த்துக்கிட்டிருந்தோம்.”

“எப்படிக் காத்திருந்தேன்?”

“கால ஆட்டினீங்க” என்று வருத்தத்தோடு சொன்னாள் வழிகாட்டி.

அடுத்த முறை மனைவியையும் அழைத்துவரச் சொன்னார்கள். அன்று கதவுப் பாடம். கதவுக்கென்றே அங்கே ஓர் ஆசிரியர் இருந்தார். வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்.

“கதவ நாம மூடக்கூடாது சார். அது மூடிக்கறதுக்கு அனுமதிக்கணும்” என்றார் ஆசிரியர்.

வாளிக்காரர் ஆயுள் முழுக்க ரோட்ஸ்டர் கதவை இழுத்துச் சாத்தியே பழகியவர். கை சும்மா இருக்கவில்லை. படாரென்று ஒரு சத்தம். ஆசிரியர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னங்க, அவருக்குக் கொஞ்சம் தண்ணி குடுக்கச் சொல்லுங்க” என்றாள் மனைவி.

பிறகு ஓட்டிப் பார்க்கும் வைபவம். வழிகாட்டி பின் சீட்டில் முழங்காலை முகவாயில் முட்டக் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள். கூபே நகர்ந்தது. சத்தமே இல்லை. எஞ்சின் ஓடுகிறதா என்றே தெரியவில்லை. அந்த அமைதியில் திடீரென்று யாருடைய வயிறோ கடமுடவென்றது.

“நீயா?” என்றார் வாளிக்காரர்.

“நீங்கதான்” என்றாள் மனைவி.

அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்கள், லிஃப்டில் மாட்டிக்கொண்ட அந்நியர்கள் மாதிரி நேரே பார்த்துக்கொண்டு போனார்கள்.

“பார்த்தீங்களா மேடம் இந்த அமைதிய? இந்த வண்டியில போன எந்தத் தம்பதியும் சண்டை போட்டதே இல்ல.”

“பேசினாத்தானேம்மா சண்டை வரும்.”

அன்று இரவு வாளிக்காரருக்கு மனசு ஆடிவிட்டது. வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்று யோசித்தார். யோசிக்கும்போதே சம்பந்தியின் பல்வரிசை கண்முன்னால் வந்தது. புரண்டு படுத்துவிட்டார்.

மறுநாள் இல்லத்திலிருந்து வீட்டை ஆய்வு செய்ய இரண்டு பேர் ஒரு கூபேயில் வந்தார்கள். தெருமுனை வேகத்தடையில் வண்டியின் வயிறு தட்டி, கரகரவென்று தேய்ந்தது. இறங்கியதும் முதல் வேலையாக, “இந்த மேட்ட எடுத்துடுங்க” என்றார் முதல் ஆய்வாளர்.

“அது முனிசிபாலிட்டி போட்டதுங்க.”

“அவங்ககிட்டயும் சொல்லுங்க. நாங்க யாருன்னு அவங்களுக்கும் தெரியணும்ல.”

இரண்டாவது ஆய்வாளர் கார் நிற்கப்போகும் இடத்தில் குந்தி உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கி எதிர்வீட்டு மாடியைப் பார்த்தார். “இங்கேர்ந்து பார்த்தா எதிர்வீட்டு பனியன் தெரியுது” என்றார்.

“காயப் போட்டிருக்காங்க. அதுக்கென்ன?”

“உங்களுக்கு ஒண்ணுமில்ல. வண்டியோட பார்வையில படுதே!”

போகிறபோது ரோட்ஸ்டரை மதிப்பிட அதை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். திரும்பி வந்தபோது இருவருக்கும் தலை கலைந்து, காதுவரைக்கும் சிரிப்பு. வாளிக்காரரைப் பார்த்ததும் சிரிப்பைத் துடைத்துப்போட்டுவிட்டு முதலாமவர் குறைகளை ஒப்பித்தார்: “கூரை இல்ல. காத்து உள்ள வருது. சத்தம் கேக்குது. ஓட்டும்போது காரணமில்லாம சிரிப்பு வருது. பெரிய குறை சார் அது.” பிறகு கையை நீட்டினார். “சாவி.”

“இப்பவேவா?”

“பிரிவுப் பயிற்சி. உங்களுக்குத் தகுதி இருக்கான்னு எங்க மன்றம் முடிவு சொல்றவரைக்கும் பழைய வண்டி இல்லத்துல இருக்கணும். பழச நினைச்சுக்கிட்டே புதுச ஓட்டறது துரோகம் சார்.”

மனைவி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாளிக்காரர் அவள் பக்கம் திரும்பாமல் சாவியைக் கொடுத்தார். அவள் ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

கடைசியாகத் தகுதி மன்றம். நீள மேசைக்கு அந்தப்பக்கம் கையுறை போட்ட ஒரு வரிசை, நடுவில் இல்லத் தலைவர். இந்தப்பக்கம் வாளிக்காரருக்கு ஒரு குட்டை நாற்காலி. தலைவர் எழுந்து பேசினார்.

“எங்க வண்டிய ஓட்டறவங்கள எங்களுக்கு அவ்வளவாப் பிடிக்காது. ஓட்டினா தேயும். தேஞ்சா மதிப்புப் போகும். மதிப்புக்குத்தானே வண்டி? எங்காவது போகணும்னா பஸ் இருக்கு. இன்னொண்ணும் சொல்றேன், பெருமையாவே சொல்றேன். எங்க வண்டியப் பத்தி இதுவரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்ல. ஏன்? புகார் சொல்றவர் இந்த வண்டிக்குத் தகுதி இல்லாதவர். தகுதி இல்லாதவர் பேர இல்லத்துலேர்ந்து எடுத்துடுவோம். பேர எடுத்த அப்புறம் அவர் எங்க வாடிக்கையாளரே இல்ல. வாடிக்கையாளர் இல்லாதவர் சொல்றது எப்படிங்க புகார் ஆகும்?”

வரிசை கை தட்டியது. கையுறை என்பதால் சத்தம் வரவில்லை.

“நீங்க என்ன செய்யறீங்க?” என்றார் தலைவர்.

“வாளி.”

ஒருவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். “வாளின்னா... தண்ணி பிடிக்கறதா?” என்றார் தலைவர், யாருக்கோ நோய் வந்ததை விசாரிக்கும் குரலில்.

“ஆமா. துணிகூட ஊற வைக்கலாம்.”

“மன்றம் யோசிக்கும்.”

“எப்ப சொல்லுவீங்க?”

“அவசரப்படறவங்களுக்குச் சொல்றதில்ல.”

“அப்ப என் வண்டியத் திருப்பிக் குடுத்துடுங்க. எனக்குக் கூபே வேணாம்.”

வேண்டாம் என்று அங்கே யாரும் சொன்னதில்லை போலும். வரிசை திடுக்கிட்டது. தலைவர் மட்டும் புன்னகை மாறாமல், “நீங்க வேணாம்னு சொல்ல முடியாது சார். நாங்கதான் சொல்லணும்” என்றார்.

வாளிக்காரர் வெறுங்கையோடு வீடு திரும்பினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் ஹாலில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். கேஸ் தீரவில்லை. சாவியும் தொலையவில்லை. எனவே பேசவும் ஒன்றுமில்லை. சாயங்காலம் அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஏதோ சொல்லத்தான் போகிறாள் என்று அவர் நிமிர்ந்தார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். போயும் போயும் ஒரு சம்பந்தியின் பல்லுக்காகப் பெண்டாட்டியின் பேச்சை அடகு வைத்துவிட்டோமே என்று வாளிக்காரர் தன்னையே திட்டிக்கொண்டார்.

அதற்கடுத்த ஞாயிறு கடைத்தெருவில் நின்றிருந்தவர் முன்னால் அவருடைய ரோட்ஸ்டரே சீறிக்கொண்டு போயிற்று. ஓட்டியவர் இல்லத் தலைவர். டை தோளுக்குப் பின்னால் பறக்க, வாயெல்லாம் பல்லாக ஓட்டினார். வாளிக்காரர் அங்கேயே போனை எடுத்து இல்லத்தைக் கூப்பிட்டார்.

“உங்க தலைவர் என் வண்டியில என்ன பண்றார்?”

“உங்க நினைவுகள வண்டியிலேர்ந்து வெளியேத்தறார் சார்” என்றாள் வழிகாட்டி.

அந்த நிமிஷம் வாளிக்காரரின் மனசில் சம்பந்தி இரண்டாம் இடத்துக்கு இறங்கினார். முதல் இடம் தலைவருக்கு. சும்மா விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். எப்படி என்றுதான் தெரியவில்லை.

அதைக் காட்டிக்கொடுத்தது மழை. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. திரும்பிவர வண்டி கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் சம்பந்தி தன் கூபேயில் கொண்டுவிடுவதாகச் சொன்னார். சொன்ன முகத்தில் களையே இல்லை. வாளிக்காரர் முன்னால் ஏறினார், மனைவி பின்னால் மடங்கினாள். கொஞ்சதூரம் போனதும் டொக், டொக் என்று ஒரு சத்தம்.

“என்னங்க, என் கால் எதுக்குள்ளயோ மாட்டிக்கிச்சு” என்றாள் மனைவி. குனிந்து தடவி எடுத்தாள். வாளி. சிவப்பு வாளி. அடியில் வாளிக்காரரின் தொழிற்சாலை முத்திரை. உள்ளே பாதிக்குத் தண்ணீர்.

சம்பந்தி சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

“சம்பந்தி, ஒழுகுதா?” என்றாள் அவள்.

சம்பந்தி கண்ணாடிக் கூரையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். இல்லத்துக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார். “முதல் மழையிலேர்ந்தே. கூரையும் பாடியும் சேர்ற இடத்துல. எல்லா வண்டியும் அப்படித்தான்.”

“சொல்லவேண்டியதுதானே?” என்றார் வாளிக்காரர்.

“சொன்னா பேர எடுத்துடுவாங்களே! வருஷா வருஷம் இல்லத்துல ஒண்ணு கூடுவோம். எல்லார் கையிலயும் துண்டு இருக்கும். யாரும் யாரையும் எதுக்குன்னு கேக்கமாட்டோம்.”

வாளிக்காரருக்கு அப்போது பொங்கிய சந்தோஷத்தை மறைக்கவேண்டிய அவசியம் ஒன்றுமில்லை. அவரும் மறைக்கவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மனைவி வாளியை மடியில் வைத்துக்கொண்டு, “குடை ஏதாவது வேணுமா சம்பந்தி?” என்று பணிவாகக் கேட்டாள். வீடு வரும்வரை இருவரும் சிரித்தார்கள். பாதி வழியில் சம்பந்திக்கும் அடக்கமுடியவில்லை. பாரம் இறங்கிய மனுஷனாக அவரும் சேர்ந்து சிரித்தார். பழைய கணக்கு அன்றோடு தீர்ந்தது. இனி எல்லாம் தலைவர் தலையில்தான்.

மறுநாளே வாளிக்காரர் ஒரு புது அச்சு வெட்டச் சொன்னார். கூபேயின் முன் சீட்டுக்குப் பின்னால் கச்சிதமாகப் போய் உட்காரும் தட்டையான கறுப்பு வாளி. சொட்டுகிற சத்தம் கேட்காமலிருக்க அடியில் ஸ்பாஞ்சு. சம்பந்தி ஒரே ஒரு கூபேக்காரர் காதில் விஷயத்தைப் போட்டார். அது போதுமானதாக இருந்தது.

வாளி வாங்க ஒரே ஒரு விதி. நேரில் வரவேண்டும். அச்சு மெஷின் முன்னால் நின்று, எதற்கு வாளி என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லவேண்டும். விதியை உண்டாக்கியவள் மனைவி. முதலில் டிரைவர்களை அனுப்பிப் பார்த்தார்கள். வெறுங்கையோடு திருப்பி அனுப்பினாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு நீதிபதி, ஒரு எலும்பு டாக்டர், நகைக்கடை முதலாளி ஒருவர். மெஷின் முன்னால் நின்று மென்று முழுங்கினார்கள். கடைசியில் “ஒழுகுது” என்று கத்திவிட்டு, வானம் இடிந்து விழவில்லையே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டு வாளியோடு போனார்கள். ஒருவர் கத்தியது இன்னொருவர் காதில் விழுந்தது. அந்த வருஷக் கூட்டத்தில் நீதிபதி, டாக்டரைப் பார்த்து எல்லோர் முன்னாலும், “உங்களுக்கு எந்தப் பக்கம், இடதா வலதா?” என்று கேட்டாராம். இல்லம் கிடுகிடுத்துப் போயிற்று.

மழை விடாத ஒரு காலையில் தொழிற்சாலை வாசலில் ரோட்ஸ்டர் வந்து நின்றது. துணிக் கூரை விரிந்திருந்தது. இறங்கியவர் இல்லத் தலைவர். மேலே ஒரு சொட்டு ஈரமில்லை. இல்லத்தில் இருந்த வண்டிகளிலேயே நனையாமல் வந்துசேரக்கூடியது அது ஒன்றுதான் என்பது வாளிக்காரருக்குப் பார்த்ததுமே புரிந்தது.

“நாளைக்கு ஒரு பெரிய மனுஷர் வண்டி பார்க்க வர்றார்” என்றார் தலைவர். “எனக்குச் சில... பாத்திரங்கள் தேவைப்படுது.”

“எதுக்குன்னு சொல்லணும்” என்றாள் மனைவி.

தலைவர் மெஷின்களைப் பார்த்தார். வேலையாட்களைப் பார்த்தார். டையைச் சரிசெய்துகொண்டார். “எங்க வண்டியில பயணிகளுக்கு ஒரு ஈரப்பத அனுபவம் கிடைக்குது.”

“கேக்கல சார், மெஷின் சத்தம்!”

“கூரை, இயற்கையோட உறவாடுது!”

“அதுக்கான வாளி நாங்க செய்யறதில்லையே” என்றார் வாளிக்காரர்.

தலைவரின் கழுத்து நரம்பு புடைத்தது. வெளியே மழை வலுத்தது. அவர் கண்ணை இறுக மூடி, மூச்சை இழுத்துப் பிடித்தார். மனைவி முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டினாள். மெஷின்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றன.

“ஒழுகுது!” என்று அலறினார் தலைவர்.

நிசப்தமான கொட்டகையில் அது தகரக் கூரையில் முட்டித் திரும்பி வந்தது. வேலையாட்கள் கை தட்டினார்கள். யாரும் கையுறை போட்டிருக்கவில்லை.

வாளிக்காரர் அடுக்கியிருந்த கறுப்பு வாளிகளைத் தலைவரின் இரண்டு கையும் கொள்ளுமளவுக்கு ஏற்றிவைத்தார்.

“பங்களிப்பு?” என்றார் தலைவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

“சாவி.”

“அப்ப நான் எப்படித் திரும்பிப் போறது?”

“எங்காவது போகணும்னா பஸ் இருக்கு. ஸ்டாப்பு வரைக்கும் நனையாம இருக்க ஒண்ணத் தலையில கவுத்துக்கங்க.”

வாளிக்காரரும் மனைவியும் ரோட்ஸ்டரில் ஏறினார்கள். அவர் முதல் காரியமாகத் துணிக் கூரையை மடக்கிப் பின்னால் தள்ளினார். நனைந்துகொண்டே கேட்டைத் தாண்டினார்கள். சாலையோரத்தில் கோட்டும் டையுமாக, தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு, இரண்டு கையிலும் வாளிகளோடு தலைவர் சேற்றில் நடந்துகொண்டிருந்தார்.

“பாவங்க! ஏத்திக்கலாமா?” என்று கத்தினாள் மனைவி.

“ரெண்டு பேர்தான் உட்காரலாம்!” என்று கத்திவிட்டு, வாளிக்காரர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.